தத்துவ போதகர் போட்டது வேஷமா?

கேள்வி: பதினேழாம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியார் 'தத்துவ போதகர்' என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி கட்டி, சந்தனம் பூசி, பூணூல் போட்டு, 'நான் பரங்கி இல்லை' என்று சொல்லி மதம் பரப்பினார். இதைவிடப் பெரிய பாசாங்கு உண்டா? 'தவமறைந்து அல்லவை செய்தல் புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' என்று வள்ளுவர் இப்படிப்பட்டவர்களைத்தானே சொன்னார்? இவரைத் தமிழ் உரைநடையின் முன்னோடி என்று உங்கள் பத்திரிகை கொண்டாடுகிறதே, வெட்கமாக இல்லையா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லவும்.
- ஒரு வாசகர், தேனி

பதில்: சரி, சுற்றி வளைக்கவில்லை. நொபிலியிடம் கபடம் இருந்தது. ஆனால் அது இருந்த இடத்தை உங்கள் கடிதம் தொடவே இல்லை. தொடாததற்கும் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் குறள். புதரில் மறைவதை மட்டும் வள்ளுவர் குற்றம் சொல்லவில்லை. தவக்கோலத்தில் மறைந்துகொண்டு 'அல்லவை' செய்வதைச் சொல்கிறார். நொபிலி செய்த அல்லவை எது? மதம் மாற்றியதா? அது தப்பு என்று நீங்கள் நினைக்கலாம், தாராளமாக நினையுங்கள். அவர் அப்படி நினைக்கவில்லையே! தன் மதம் ஒன்றுதான் மனிதனைக் கரை சேர்க்கும் என்று முழு மனதாக நம்பினார். நம்பியதைச் சொல்கிறவனைப் பிடிவாதக்காரன் என்று திட்டலாம், பாசாங்குக்காரன் என்று திட்ட வழியில்லை. நம்பாததை நம்புவதாகக் காட்டுகிறவனும், ஊருக்கு ஒரு நியாயம் தனக்கு ஒரு நியாயம் என்று வைத்திருப்பவனும்தான் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவர்கள்.

காவி விஷயத்தில் அவரை அப்படிப் பிடிக்க முடியுமா? 1577இல் இத்தாலியின் மொந்தேபுல்சியானோவில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். 1605இல் கோவா வந்தார், 1606 கடைசியில் மதுரை. தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். இறைச்சியும் மீனும் இல்லாமல், பிராமணச் சமையல்காரர் ஆக்கிப் போட்ட சோறும் கறிகாயும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டார். பார்வை மங்கிய கடைசிக் காலத்தில் மயிலாப்பூரில் இருந்தார், 1656இல் அங்கேயே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. வள்ளுவர் சொன்ன வேட்டுவன் பொழுது சாய்ந்தால் பறவையோடு வீட்டுக்குப் போய்விடுவான். ஏறத்தாழ ஐம்பது வருஷம் புதரிலேயே குடியிருந்தவரை எந்தக் கணக்கில் வேட்டுவன் என்பது?

இதை அவர் தன் மேலிடத்திடமும் மறைக்கவில்லை. உடன் இருந்த பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ் 1610இல் புகார் எழுதினார். விவகாரம் கோவாவில் 1619இல் கூடிய சபை வரை போனது, கடைசியில் ரோமாபுரிக்கே போனது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் நான்குக்கும் 1623இல் பதினைந்தாம் கிரகோரி போப் அனுமதி கொடுத்தார். ரோமாபுரிக்குத் தெரிந்தால் போதுமா, மதுரைக்காரனுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் நாக்கு எங்கே பிசகியது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

பெர்னாண்டஸைப் பற்றி ஒரு வார்த்தை. போர்த்துகீசியர், பழைய படைவீரர், சூதுவாது தெரியாத மனிதர். நொபிலி வருவதற்குப் பத்து வருஷத்துக்கும் முன்பிருந்தே மதுரையில் இருந்தவர். முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோன, ஏற்கெனவே கிறிஸ்தவர்களாகியிருந்த பரவர்களை அவர் கவனித்துக்கொண்டார்; உள்ளூரிலிருந்து ஒருவரும் அவரிடம் போய்ச் சேரவில்லை. எப்படிச் சேருவார்கள்? ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம் 'பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?' என்றுதான் அவர் கேட்பாராம். மாட்டிறைச்சியும் சாராயமுமாகத் திரிந்த போர்த்துகீசியர்களுக்கு ஊர் வைத்த பெயர் பரங்கி. கிறிஸ்தவம் அவர்கள் குலம் என்று அவர்களுடைய பாதிரியாரே சொல்கிறார்! மனதில் கள்ளம் இல்லை, சொன்னது மட்டும் முழுப் பொய். உள்ளத்தில் கபடம் இல்லாவிட்டால் பேச்சில் உண்மை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நொபிலி நேர் எதிர். அவரும் பரங்கிதான் என்று பேச்சு வந்தபோது ஓலையில் எழுதித் தன் வீட்டு வாசலில் வைத்தார். நான் பரங்கி இல்லை, அவர்கள் நாட்டில் பிறக்கவில்லை, ரோமாபுரியில் ராஜாக்களுக்குச் சமமான குடும்பத்தில் பிறந்தவன், அவர்களோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அதன் சாரம். பரங்கி இல்லை என்பது உண்மை. ரோமாபுரி, குடும்பம் எல்லாம் உண்மையை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் சம்பந்தம் இல்லையாம்! அவரைக் கொண்டுவந்து இறக்கிய கப்பல் யாருடையது? அந்த மிஷனுக்குப் புரவலராக இருந்த ராஜா யார்? எழுத்தெண்ணிப் பார்த்தால் நிற்கும், கேட்கிறவன் காதில் வேறாக விழும் என்று தெரிந்தே எழுதிய வாக்கியங்கள் அவை. (நம் தலைவர்களின் மறுப்பறிக்கைகள் இந்த ரகம்தான். 'அந்தக் கம்பெனியில் எனக்குப் பங்கே கிடையாது' என்பார்கள், பங்கு சம்சாரத்தின் பேரில் இருக்கும்.) இந்த அளவுக்கு உங்களோடு எனக்கு உடன்பாடு. இத்தோடு நின்றிருந்தால் அவரைக் கெட்டிக்கார வக்கீல் என்று சொல்லி விட்டிருப்பேன்.

அதே ஓலையில் இன்னொன்றும் எழுதினார். கடவுள் எல்லாக் குலத்துக்கும் கடவுள். இந்த மார்க்கம் பரங்கிகளுக்கும் பறையர்களுக்கும் மட்டும் உரியது என்று சொல்வது பெரும் பாவம். என்ன அருமையான வாக்கியம்! எழுதிய கையோடு பரவர்களின் கோவிலிலிருந்து விலகி, மேல்சாதியிலிருந்து வந்தவர்களுக்கு வேறொரு கோவில் கட்டினார். சாதி என்பது ஐரோப்பாவின் பிரபு, குடியானவன் வித்தியாசம் மாதிரி வெறும் உலக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுதினார். உலக வழக்கம் என்றால் அது தெருவோடு நிற்க வேண்டாமா? பூசை நடக்கும் இடத்துக்குள் எப்படி வந்தது? 1640இல் பண்டாரசாமி என்று இன்னொரு வகைக் குருக்களையே ஏற்படுத்தினார்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளோடு பழகுவதற்கு. ஒரே சபை, ஒரே நற்கருணை. ஆனால் சந்நியாசி குருவும் பண்டாரசாமியும் ஊரார் முன்னே ஒரே பந்தியில் உட்கார முடியாது.

அவர் போன பிறகு இது இன்னும் இறுகியது. சாகக் கிடக்கும் பறையருக்குக் கடைசி மந்திரிப்புக் கொடுக்க வீட்டுக்குள் போகக் குருக்கள் தயங்கினார்கள். 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் உட்கார்ந்து, போய்த்தான் ஆக வேண்டும் என்று ஆணை போட வேண்டியிருந்தது. கடவுளின் பிரதிநிதியை வாசற்படி தாண்ட வைக்க ஓர் ஆணை! திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோவிலில் வேளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற தடுப்பு 1910இல்தான் இடிபட்டது. இதற்கெல்லாம் நொபிலி ஒருவர் தலையில் பழி போட மாட்டேன். ஆனால் வழி அவர் வெட்டியது. கபடம் என்று நான் சொன்னது இதை. காவி கட்டியதில் கஷ்டம் அவருக்கு, ஒருவேளைச் சோறு அவருக்கு. சாதியோடு செய்துகொண்ட சமரசத்தின் விலையை மட்டும் வேறு யாரோ கொடுத்தார்கள், அவர்களை யாரும் கேட்கவுமில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பூணூலைக் கண்டு கொதித்த நீங்கள் தனிக்கோவிலைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டால் பேச்சு எங்கே போகும் என்று தெரியும். மீனாட்சியம்மன் கோவில் அதே மதுரையில்தான் இருக்கிறது. நாடார்களும் தாழ்த்தப்பட்டவர்களும் அதற்குள் முதலில் போனது 1939 ஜூலை 8ஆம் தேதி, வைத்தியநாதய்யர் கூட்டிக்கொண்டு போனதால். போனதும் பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்த வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்கள் தோற்றார்கள். எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று அங்கேயும்தான் பாடினார்கள்.

இன்னொன்று. பூணூல் போட்டவன் சொன்னால்தான் காது கொடுப்போம் என்ற ஊருக்கு வந்து அவர் பூணூல் போட்டார். போட்டவரை வேஷதாரி என்கிறீர்கள். கேட்ட ஊருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், போடுகிறேன்.

கடைசியாக உரைநடை. முன்னோடி என்பது நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை, யார் முன்னால் நடந்தார் என்ற கணக்கு. அதிலும் அவர் முதல் ஆள் இல்லை: ஹென்றிக்கேஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் தமிழ் உரைநடையில் பக்கம் பக்கமாகத் தத்துவ வாதம் செய்யத் துணிந்தவர்களில் நொபிலி முன்வரிசைக்காரர். அதில் சந்தேகம் இல்லை, அதனால் பத்திரிகை தொடர்ந்து அப்படியே எழுதும். 'ஆத்தும நிர்ணய'த்தில் நாலு பக்கம் படித்துப் பாருங்கள். வாக்கியம் வளர்ந்துகொண்டே போகும், இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் சமஸ்கிருதம். அந்த நடையைத் திட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.