பாஸ்டனில் ஐரிஷ் பேசுவோர்

கேள்வி: ஈராண்டுகளாகத் தனியே ஐரிஷ் மொழி கற்று வருகிறேன். பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்துள்ள எனக்கு, அம்மொழியில் உரையாட யாரேனும் கிடைப்பார்களா?

பதில்: நிச்சயம் கிடைப்பார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கானமாராவில் ஐரிஷைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த பலர், தெற்கு பாஸ்டனிலும் டார்செஸ்டரிலும் தலைமுறைகளாகக் குடியேறி வந்திருப்பதால், அமெரிக்காவில் இம்மொழியைத் தேடுவோருக்கு இதைவிடப் பொருத்தமான நகரம் அரிது என்றே கருதுகிறேன். கான்டன் என்னும் புறநகரிலுள்ள ஐரிஷ் பண்பாட்டு மையத்தில் விசாரிக்கத் தொடங்குங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1940 முதல் ஐரிஷ் உள்ளிட்ட கெல்டிக் மொழிகளுக்கெனத் தனித்துறை இயங்குகிறது. ஆனால் அங்கே ஆய்வுக்கே முதலிடம் என்பதால், பேச்சுப் பழக்கத்துக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 2016இல் டப்ளினில் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவிய 'பாப்-அப் கேல்டாக்ட்' சந்திப்புகளையும் தேடிப் பாருங்கள். மதுக்கூடம் ஒன்றில் கூடி ஐரிஷில் பேசிக்கொண்டிருப்பதே அவற்றின் நோக்கம், உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை.

கானமாராவின் பேச்சுவழக்கு, நீங்கள் பாடநூலில் பழகிய நடையிலிருந்து பெரிதும் வேறுபட்டு, வேகமாக ஒலிக்கும். தொடக்கத்தில் பாதிகூடப் புரியாவிட்டாலும், ஆங்கிலத்துக்கு மாறிவிடாமல் 'கோ மால்', அதாவது 'மெதுவாக', என்று கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு நிறுத்திப் பேசுவார்கள்.