மூலையைப் பிறாண்டும் ஜெர்பில்

கேள்வி: மகன் ஒரு ஜோடி ஜெர்பில் (வளை தோண்டி வாழும் சிறு எலிவகை) வளர்க்கிறான். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, நிறைய மணல். இரண்டும் மணலை விட்டுவிட்டு ஒரே மூலையில் நின்று கண்ணாடியைப் பிறாண்டுகின்றன. இராத்திரியில் தூங்க முடியவில்லை. இன்னும் மணல் போடவா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். வீடன்மயர் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. தோண்ட மணல் கிடைத்த குட்டிகளும் மூலையைப் பிறாண்டின. சுரங்கவழியோடு இருட்டறை கிடைத்தவற்றிடம் அந்தப் பழக்கம் வளரவில்லை. ஜெர்பில் தேடுவது தோண்டும் வேலையை அல்ல, வளையை. காய்ந்த மணல் சரிந்து சரிந்து விழும். விடிய விடியத் தோண்டினாலும் வளை ஆகாது.

ஒளிய ஒரு பெட்டி மட்டும் வைப்பது பாதிக் கிணறு தாண்டிய கதை. நுழைவழி குழாயாக இருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 15 செ.மீ. இருக்கும்படி, சாயம் பூசாத மரப்பெட்டி செய்து, பக்கவாட்டில் 5 செ.மீ. துளையிடுங்கள். அதில் ஏறத்தாழ 20 செ.மீ. நீளக் குழாயை நடுவில் ஒரு வளைவோடு பொருத்துங்கள். வளைவு இருந்தால்தான் உள்ளே வெளிச்சம் போகாது. ஹார்ட்வேர் கடைக் குழாயே போதும். கொறித்துத் துண்டு விழுந்தால் மாற்றிவிடுங்கள். பெட்டி தொட்டியின் அடிக்கண்ணாடியிலேயே உட்கார வேண்டும். தொட்டியில் நிரப்பும் துகளின்மேல் வைத்தால் அடியில் தோண்டுவார்கள், பெட்டி சரிந்து நசுக்கிவிடும்.

சுற்றிலும் காகிதத்துகளையும் காய்ந்த புல்லையும் கலந்து 25 செ.மீ. உயரம் அழுத்தி நிரப்புங்கள். புல் கலந்தால்தான் சுரங்கம் இடியாது. குழாயின் வாய் மட்டும் துகளில் மூடாமல் தெரியட்டும். மணல் ஒரு கிண்ணம், குளிக்க மட்டும்.

நம் ஊர் ஈரப்பதம்தான் தலைவலி. இவை மங்கோலியாவின் வறண்ட நிலத்துப் பிராணிகள். மூடி கம்பிவலையாக இருக்கட்டும். ரோமம் எண்ணெய் தடவியதுபோல் திரிதிரியாக நின்றால் காற்றோட்டம் போதவில்லை. அடித்துகளைக் கிளறி, பூஞ்சை வாடை வந்தால் மாற்றுங்கள்.

பிறாண்டும் பழக்கம் தாய்ப்பால் மறக்கும் வயதிலேயே, சுமார் நான்கு வாரத்தில் தொடங்கிவிடும். உங்களுடையவை வளர்ந்தவை என்றால் பிறாண்டல் குறையலாம், அடியோடு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குட்டி போட்டால், அவற்றுக்குப் பிறந்த நாள் முதலே வளை இருக்கட்டும்.

கேள்வி: ஜெர்பிலைத் தூக்கும்போது வாலைப் பிடிக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடவே கூடாது. வால்நுனித் தோல் உறைபோல் கழன்று கையோடு வந்துவிடும், திரும்ப முளைக்காது. இரு உள்ளங்கையையும் குவித்து அடியிலிருந்து ஏந்துங்கள்.