சமையல் கேள்வி - பதில்: அத்தோவுக்கு வாணலி எதற்கு?

சென்னை பர்மா பஜார் பக்கம் சாப்பிட்ட அத்தோவை வீட்டில் செய்து பார்த்தேன். வாணலியில் எண்ணெய் விட்டு நன்றாகப் பிரட்டியும் நூடுல்ஸ் ஒட்டிக்கொண்டு களிபோல் ஆகிவிட்டது. எங்கே தவறு?
- வாசகி, திருச்சி

வாணலியில்தான் தவறு. அத்தோ வறுத்த நூடுல்ஸ் அல்ல. ஆறிய நூடுல்ஸைக் கையால் பிசைவதுதான் அத்தோ. பர்மிய மொழியில் அந்தச் சொல்லே பிசைந்து கலந்ததைத்தான் குறிக்கிறது. நூடுல்ஸை வேகவைக்கவும் பூண்டைப் பொரிக்கவும் மட்டும் அடுப்பு போதும்.

மூன்று பேருக்கு 200 கிராம் தடித்த நூடுல்ஸ். இரண்டு லிட்டர் கொதிநீரில் உப்புப் போட்டு வேகவிட்டு, நடுவில் சற்றே விறைப்பு இருக்கும்போதே வடித்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் அலசி, நீர் சொட்டுவது நின்றதும் ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவித் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு பிசைந்தால் மேல்மாவு கரைந்து பசையாகும். கடையில் பார்க்கும் ஆரஞ்சு நிறம் சாயம்தான், சுவைக்கு அது வேண்டாம்.

அத்தோவின் உயிர் பூண்டெண்ணெய். பதினைந்து பல் பூண்டை மெல்லியதாகச் சீவி, ஆறு ஸ்பூன் கடலை எண்ணெயில் சிறு தீயில் பொரியுங்கள். வெளிர்பொன் நிறத்திலேயே அரித்தெடுக்க வேண்டும்; எடுத்த பிறகும் அது கொஞ்சம் சிவக்கும். அடுப்பிலேயே சிவக்கவிட்டால் எண்ணெய் முழுக்கக் கசக்கும். அதே எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயத்தை மொறுமொறுப்பாகப் பொரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட உட்காரும்போதுதான் பிசைய வேண்டும். நூடுல்ஸுடன் இழையாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கப், பச்சை வெங்காயம் ஒன்று, பூண்டெண்ணெய் மூன்று ஸ்பூன், கெட்டிப் புளிக்கரைசல் மூன்று ஸ்பூன், வறுத்து இடித்த மிளகாய் ஒரு ஸ்பூன், உப்பு. பொட்டுக்கடலை மாவு இரண்டு ஸ்பூனைக் கடைசியில்தான் தூவ வேண்டும். முன்பே போட்டால் அது புளியை உறிஞ்சித் திரண்டுவிடும். மேலே பொரித்த பூண்டு, வெங்காயம், நொறுக்கிய பேஜோ (தட்டை போன்ற மொறுமொறுப்பான பர்மியப் பலகாரம்), கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. பேஜோ கிடைக்காவிட்டால் தட்டை போதும். பத்து நிமிடம் தாண்டினால் உப்பு கோஸின் நீரை இழுத்து எல்லாம் சொதசொதத்துவிடும்.

அத்தோ நிஜமாகவே பர்மாவில் உண்டா?
- வாசகர், மதுரை

உண்டு. அங்கே பெரும்பாலும் உலர்இறால் பொடியும் மீன்சாறும் சேரும். சென்னைத் தள்ளுவண்டிகளில் அவை இருக்காது. 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது கையிருப்பை இழந்து கப்பலேறிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு இது. அவர்களுக்காக 1969இல் பாரிமுனை அருகே உருவானதுதான் பர்மா பஜார். அத்தோவை 'சைனீஸ்' வரிசையில் சேர்த்து எழுதுவது அந்த மக்களின் வரலாற்றையே அழிப்பதாகும்.

அத்தோவோடு தரும் வாழைத்தண்டு சூப்பில் கட்டி தட்டுகிறதே?
- வாசகி, வேலூர்

கடலை மாவை நேராகக் கொதியில் கொட்டினால் தட்டத்தான் செய்யும். இரண்டு ஸ்பூன் மாவைப் பச்சை வாசனை போக வெறுமனே வறுத்து, ஆறியதும் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, தீயைக் குறைத்து ஊற்றிக் கிளறுங்கள். ஒரு லிட்டர் சூப்புக்கு இந்த அளவு போதும். தண்டை நாரெடுத்து நறுக்கியவுடன் மோர் கலந்த நீரில் போட்டால் கறுக்காது.