எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்? – கேள்வி பதில்

தென் சென்னையில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனுக்களைப் பிரிப்பதும் பரிந்துரைக் கடிதம் அடித்துக் கொடுப்பதும் பல வருடம் என் வேலையாக இருந்தது. இப்போது எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருக்கிறேன். அதாவது, மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்பதெல்லாம் வேண்டாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: சார், ஒரு மணி நேரம் மழை பெய்தாலே எங்கள் தெரு மேன்ஹோல் பொங்கி வாசல் வரை கழிவுநீர் வருகிறது. எம்.எல்.ஏ. ஆபீஸில் மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. யாரைப் பிடிப்பது?

மனுவில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? 'தெருவில் மழைநீர் தேங்குகிறது' என்று எழுதியிருந்தால் அது மாநகராட்சி மழைநீர் வடிகால் பிரிவுக்குப் போயிருக்கும். அங்கே ஆள் வந்து பார்த்து, 'வடிகால் சரியாக உள்ளது, மேன்ஹோல் மெட்ரோ வாட்டரைச் சேர்ந்தது' என்று ஒரு வரி எழுதி ஃபைலை முடித்திருப்பார்கள். அவர்கள் கணக்கில் உங்கள் மனு தீர்ந்துவிட்டது.

சென்னையில் தெருத் தண்ணீருக்கு மூன்று சொந்தக்காரர்கள். சாலையோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர். 1978-லிருந்து அது தனி வாரியம். ஏரி, ஆறு, பக்கிங்காம் கால்வாய் மாதிரியான பெரிய நீர்வழிகள் நீர்வளத் துறை. உங்கள் வாசலில் நிற்கும் தண்ணீர் இந்த மூவரையும் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும். அதனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது இங்கே ரொம்பச் சுலபம்.

முதலில் நீங்களே கொஞ்சம் பார்த்துவையுங்கள். மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறதா? யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருக்கிறார்கள். மழை நாளில் மட்டும் மேன்ஹோல் பொங்குகிறதா? மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடைச் சேம்பரில் விட்டிருக்கும் வீடுகள் இருக்கலாம். அல்லது பம்பிங் ஸ்டேஷன் இழுக்கத் திணறுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இதற்கு எம்.எல்.ஏ.விடம் 'நடவடிக்கை எடுங்கள்' என்று கேட்காதீர்கள். 'மாநகராட்சி ஏ.இ. (உதவிப் பொறியாளர்), மெட்ரோ வாட்டர் ஏ.இ. இருவரையும் ஒரே நாளில் எங்கள் தெருவுக்கு வரச்சொல்லி கூட்டாய்வு வையுங்கள்' என்று கேளுங்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேன்ஹோல் மூடியைத் தூக்கியதும் மெட்ரோ வாட்டர் ஏ.இ., "லைன் ஃப்ரீயா இருக்கு, வடிகால்தான் அடைச்சிருக்கு" என்றார். மாநகராட்சி ஏ.இ. நாலு அடி தள்ளி வடிகால் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வடிகாலைக் குறுக்கே துளைத்துக்கொண்டு ஒரு குடிநீர்க் குழாய் போனது. அதில் பாய், சாக்கு, பால் கவர் எல்லாம் சிக்கி நின்றன. யாருடைய குழாய் என்று அப்புறம் விவாதிக்க ஒன்றும் இல்லை. இருவரும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். கடிதத்தில் மாதக்கணக்கில் ஓடியிருக்க வேண்டிய வேலை அது. இரண்டு துறையை ஒரே இடத்தில் நிற்கவைக்கிற செல்வாக்கு ஏ.இ.க்குக் கிடையாது, கவுன்சிலருக்கும் பெரும்பாலும் கிடையாது. எம்.எல்.ஏ.வுக்கு உண்டு.

அயனாவரம்: கவுன்சிலர் இருக்கும்போது எம்.எல்.ஏ. எதற்கு? யாரிடம் எதற்குப் போவது?

குப்பை, தெருவிளக்கு, தெருநாய், உட்புறச் சாலைப் பள்ளம், பூங்கா எல்லாம் கவுன்சிலர். அதற்கும் முன்னால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிவிடுங்கள்.

ஏன் நம் ஊரில் குப்பைக்கும் எம்.எல்.ஏ.வைத் தேடுகிறோம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2016-ல் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் 200 வார்டுக்கும் கவுன்சிலரே இல்லை. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் என்று போய் நிற்க எம்.எல்.ஏ. ஆபீஸ் ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஆபீஸில் அப்போது வந்த மனுக்களில் பாதிக்கு மேல் கவுன்சிலர் வேலைதான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எம்.எல்.ஏ.க்களும் அதை விரும்புகிறார்கள் என்பது என் கணிப்பு. தெருவிளக்கு எரிந்தால் உடனே நன்றி வரும், சட்டமன்றத்தில் பேசினால் யார் கவனிக்கிறார்கள்?

வளசரவாக்கம்: எங்கள் அபார்ட்மென்ட்டுக்குள் இருக்கும் சாலையைத் தொகுதி நிதியில் போட முடியுமா? 3 கோடி இருக்கிறதாமே?

முடியாது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய் என்பது சரி. 2020-ல் கொரோனாவுக்காக அதில் ஒரு கோடியை அரசே எடுத்துக்கொண்டது, அது தனிக்கதை. ஆனால் அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதே இல்லை. அவர் வேலையைப் பரிந்துரைக்கிறார். சென்னையில் மாநகராட்சி ஆணையர் வழியாக எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர் என்று போகிறது. பொது இடத்தில், பொதுமக்கள் பயன்படுத்தும் நிரந்தரச் சொத்தாக இருக்கவேண்டும். தனியார் நிலத்திலும் வழிபாட்டுத் தலத்திலும் செலவு செய்ய வழியில்லை. ரேஷன் கடைக் கட்டடம், அங்கன்வாடி, பள்ளி வகுப்பறை, நிழற்குடை, ஹைமாஸ்ட் விளக்கு இவையெல்லாம் வழக்கமாக வருபவை.

ஒரு வழி உண்டு. உங்கள் லேஅவுட் சாலை தானப் பத்திரம் மூலம் மாநகராட்சிக்குக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் அது பொதுச் சாலை, கேட் போட்டு மூடியிருந்தாலும் சரி. அதேபோல 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். (பொதுவுக்கான திறந்தவெளி) நிலமாக உள்ளாட்சிக்குத் தரவேண்டும். அந்த நிலம் எங்கே என்று தேடினால் சில இடங்களில் பில்டரின் கார் பார்க்கிங்காக இருக்கும். அதைப் பூங்காவாக மீட்கச் சொல்லி எம்.எல்.ஏ.விடம் கேட்டால் அர்த்தம் உண்டு. சாலைக்குக் கேட்பதைவிட இது நல்ல கேள்வி.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: மனு எப்படி எழுத வேண்டும்? மாதிரி தர முடியுமா தம்பி?

தாராளமாக அம்மா. ஆனால் முதலில் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காலையில் மனுக்கள் கட்டாக வரும். எம்.எல்.ஏ.வின் உதவியாளரான பி.ஏ. முதல் நாலு வரியைத்தான் படிப்பார். அதற்குள் இடம், துறை, கேட்பது என்ன என்ற மூன்றும் வரவில்லை என்றால் மனு 'பொது' என்ற கட்டில் விழும். அந்தக் கட்டு மேசைக்குக் கீழே இருக்கும்.

இப்படி எழுதலாம்:

"பொருள்: … வார்டு, … தெரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளி சுற்றுச்சுவர் இடிந்தது – கட்டித் தரக் கோருதல். மேற்படி சுவர் சென்ற டிசம்பர் மழையில் சுமார் 20 அடி நீளத்துக்கு விழுந்துவிட்டது. மண்டல அலுவலகத்தில் … தேதியில் மனு அளித்தோம். புகார் எண் …. இதுவரை பதில் இல்லை. தொகுதி நிதியிலோ மாநகராட்சி நிதியிலோ சுவர் எழுப்பப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். புகைப்படம் இணைப்பு."

இவ்வளவுதான். 'மாண்புமிகு, மக்கள் தொண்டர், ஏழைப் பங்காளர்' எல்லாம் அரைப் பக்கம் வேண்டாம். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. ஐந்தையும் சேர்த்து எழுதினால் ஐந்து துறைக்குப் போகவேண்டும். யார் ஐந்து நகல் எடுப்பார்கள்? இருபது பேர் கையெழுத்தைவிடச் சங்கத்தின் லெட்டர்பேட் கனம் அதிகம். முக்கியமாக, எம்.எல்.ஏ. துறைக்கு அனுப்பும் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கமாட்டார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. அந்த நகலை எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போய் இன்வர்ட் எண்ணை, அதாவது கடிதம் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் கையில் இருந்தால் பத்து ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டத்தில் 'இந்தக் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?' என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். அந்த விண்ணப்பம் போனபின் ஃபைல் நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கொடுங்கையூர்: எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. அவரிடம் போய் என்ன பயன்?

தொகுதி நிதி எல்லோருக்கும் அதே 3 கோடிதான். கேள்வி நேரமும் அவருக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தொகுதியில் நீண்ட நாளாகத் தீராத 10 கோரிக்கைகளைக் கலெக்டரிடம் தரச்சொல்லிக் கடிதம் எழுதியபோது அதுவும் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும்தான் போனது. பெரிய திட்டம் என்றால் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் சத்தம் போடவேண்டிய விஷயத்துக்கு எதிர்க்கட்சிக்காரர்தான் சௌகரியம். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தன் அமைச்சரைச் சங்கடப்படுத்தக் கூச்சப்படுவார்.

அம்பத்தூர்: பள்ளிக்கூடம் பக்கத்தில் டாஸ்மாக். எம்.எல்.ஏ. நினைத்தால் மூட முடியாதா?

அவரால் உத்தரவு போட முடியாது, அழுத்தம் கொடுக்கலாம். விதி என்னவென்றால், மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் கல்வி நிலையம், வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை வைக்கக்கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். பலரும் 100 மீட்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாறுகிறார்கள். இன்னொரு சிக்கல், திட்ட வரைபடத்தில் வணிகப் பகுதி என்று குறித்த இடத்துக்கு அந்தத் தூரக் கணக்கே பொருந்தாது. முதலில் அதைப் பாருங்கள். தூரம் உங்கள் பக்கம் இருந்தால் கலெக்டருக்கு மனு, நகல் எம்.எல்.ஏ.வுக்கு. தூரம் உங்கள் பக்கம் இல்லையென்றால் பெண்கள் திரண்டு நின்றால்தான் உண்டு. அப்போது எம்.எல்.ஏ. தானாக வந்து நிற்பார், கேமராவும் வரும்.

சாலிகிராமம்: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் வீடு பள்ளமாகிறது.

பழைய தார் அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போடவேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். அப்படிச் சுரண்டாமல் (மில்லிங் என்பார்கள்) ஜல்லி இறங்கினால் உடனே படம் எடுத்து ஏ.இ.க்கும் எம்.எல்.ஏ. ஆபீஸுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சாலை போட்ட பிறகு கத்திப் பயனில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். எம்.எல்.ஏ. கடிதத்துக்குக் காசு கிடையாது. அந்தக் கடிதத்தால் அரசு வேலையும் கிடைக்காது. லஞ்ச ஒழிப்புத் துறையில் சொல்லுங்கள்.

மாதவரம்: இருபது வருடமாக ஒரே கோரிக்கை. எம்.எல்.ஏ.க்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. கோட்டையைத் தாண்டி அதை யாருக்கும் தெரியாது. குழு ஒரு மாவட்டத்துக்கு வரும்போது பத்திரிகையில் அறிவிப்பு வரும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்கவேண்டும், ஒரே துறை சம்பந்தப்பட்டதாக இருக்கவேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் எடுக்கமாட்டார்கள். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன் மாதிரி தனிநபர் குறைகளும் எடுபடாது. தமிழில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அறிவிப்பில் கேட்கும் நகல்களோடு பேரவைச் செயலகத்துக்கு அனுப்பவேண்டும். குழு எடுத்துக்கொண்டால் துறை அதிகாரி நேரில் வந்து பதில் சொல்லவேண்டும்.

இன்னொன்று, உங்கள் எம்.எல்.ஏ.வைக் கேள்வி நேரத்தில் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சர் 'செய்து தரப்படும்' என்று அவையில் சொல்லிவிட்டால் அது பதிவாகிறது, அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரும். 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்கவைக்க வேண்டியதுதான். அவைக் குறிப்புகள் பேரவையின் இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் எம்.எல்.ஏ. என்ன பேசினார் என்று எடுத்துப் பாருங்கள். அதன் அச்சுப் பிரதியோடு அவர் ஆபீஸுக்குப் போனால் உட்காரச் சொல்லி டீ கொடுப்பார்கள்.

திருவொற்றியூர்: வீட்டுமனைப் பட்டா?

மேலே சொன்னபடி மனுக்கள் குழுவில் எடுபடாது. ஆட்சேபணையில்லாத புறம்போக்கு என்றால் தாசில்தாரிடம் விண்ணப்பம். சென்னையைச் சுற்றி 1962-லிருந்து இருந்த பெல்ட் ஏரியா தடை (அந்தச் சுற்றுவட்டத்தில் புறம்போக்குக்குப் பட்டா தரக்கூடாது என்பது) பற்றி 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. மற்ற நகரங்களையும் சேர்த்துச் சுமார் 86,000 பேருக்குப் பட்டா என்று சொன்னார்கள். உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்பதை வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் எந்த எம்.எல்.ஏ. வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

மடிப்பாக்கம்: சிற்றுந்து கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கலாம். 2013-ல் சின்ன பஸ் தொடங்கியதே பெரிய பஸ் நுழையாத இந்த மாதிரித் தெருக்களுக்காகத்தான். எங்கிருந்து எங்கே, எந்தெந்தத் தெரு வழியாக, பஸ் திரும்ப இடம் எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு மனுவோடு கொடுங்கள். திரும்ப இடம் இல்லை என்றுதான் போக்குவரத்துக் கழகம் முதலில் மறுக்கும்.