சதுப்பு நிலத்தில் எழும்பிய குடியிருப்புகளில் ஏன் அடிக்கடி வெள்ளம் புகுகிறது?

மழைநீர் வந்து தங்கி, மெல்ல வடியும் தாழ்வான ஈர நிலமே சதுப்பு நிலம். தென்சென்னையின் பள்ளிக்கரணை அப்படிப்பட்டது. சுற்றியுள்ள ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற ஓடை, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் அருகே கடலுக்குப் போகிறது.

சமையலறைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பெரிதாக இருக்கும்வரை அடியில் உள்ள ஓட்டை சின்னது என்றாலும் கவலையில்லை. அதற்குள் பாத்திரங்களை அடுக்கிவிட்டு அதே வேகத்தில் குழாயைத் திறந்தால்? தண்ணீர் தரைக்குத்தான் வழியும். பள்ளிக்கரணைக்குள் அடுக்கப்பட்டவை வீடுகள், சாலைகள், பெருங்குடிக் குப்பைமேடு. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் இந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிய வேளச்சேரித் தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் வீடு பார்க்கப் போனால், தயவுசெய்து காம்பவுண்டுச் சுவர்களைக் கவனியுங்கள். பழைய வெள்ளம் நின்ற உயரம் சில சுவர்களில் பழுப்புக் கோடாக இன்னும் தெரியும்.

அப்புறம், மண் கொட்டி மனையை உயர்த்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். தீராது, அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், உங்கள் தெரு அப்போதும் மூழ்கியே இருக்கும்.