ராஜினாமா எழுதித் தராதீர்கள்

கேள்வி: அம்பத்தூரில் ஒரு பி.பி.ஓ.வில் 6 ஆண்டுகளாக டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். மாதம் 26,000 ரூபாய். இனி ஏ.ஐ. மென்பொருளே இந்த வேலையைச் செய்யும் என்று சொல்லி ராஜினாமா கேட்கிறார்கள். தந்தால் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதச் சொல்வார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் இவ்வளவு அவசரம்.

அவர்களாக நிறுத்தினால் அது ஆட்குறைப்பு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். உங்களுக்கு 90 நாள் வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், மறுபயிற்சிக்கென இன்னும் 15 நாள் ஊதியமும் உண்டு. அதை 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான், கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீங்களே விலகினால் இவை எதுவும் இல்லை. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை மட்டும் எப்படிப் போனாலும் உண்டு.

மென்பொருளால் மிச்சமாகும் பணம் முழுக்க நிறுவனத்துக்குப் போகிறது. அதில் உங்கள் பக்கம் வரக்கூடியது இந்தத் தொகை ஒன்றுதான். அதையும் ஒரு கையெழுத்தில் விட்டுவிடாதீர்கள்.

'நீ டீம் லீட், உனக்கு இந்தச் சட்டம் பொருந்தாது' என்று சொல்லிப் பார்ப்பார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் அடையாள அட்டையில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது கணக்கில்லை, என்ன வேலை செய்தீர்கள் என்பதே கணக்கு. யாருக்காவது லீவு அனுமதித்தீர்களா? வேலைக்கு எடுத்தீர்களா, நீக்கினீர்களா? ஷிப்ட் முழுக்க நீங்களும் திரை முன் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர் என்றால், பதவிப் பெயர் எதுவானாலும் சட்டப்படி தொழிலாளிதான்.

அப்புறம், வேலை போன வாரமே 'ஏ.ஐ. கோர்ஸ், நூறு சதவீதம் வேலை உறுதி' என்று போன் வரும். எங்கிருந்துதான் நம்பர் கிடைக்கிறதோ! 'சீட் பதிவு' என்று ஓ.டி.பி. கேட்பார்கள். கொடுத்தால் கட்டணம் முழுதும் உங்கள் பெயரில் கடனாகிவிடும். வகுப்பு பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. என்னிடம் வந்த ஒரு தம்பிக்கு இழப்பீடாகக் கிடைத்த பணம் அப்படியே இந்தத் தவணைக்குப் போயிற்று. படிக்க ஆசையா, மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம்.

இந்தத் தொகைகளைத் தராமல் நிறுத்தினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 45 நாள் கடந்தும் தீரவில்லை என்றால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலையிலிருந்து நிறுத்திய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். வாய்தா வாய்தாவாக இழுப்பார்கள். புதிதாகச் சேர்ந்த வேலையை விட்டு அலைய முடியாது என்று நீங்களே ஓய்ந்துபோவதற்குத்தான் நிறுவனம் காத்திருக்கும். அலுவலக வாசலில் 'முடித்துத் தருகிறேன், பாதிக்குப் பாதி' என்று ஒருவர் வருவார். மனு எழுத அவர் தேவையில்லை.

இன்றே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் உங்கள் போனில் எடுத்து வையுங்கள். ராஜினாமாவை வாயால்தான் கேட்டார்கள் என்றால், 'இன்று என்னிடம் ராஜினாமா கேட்டீர்கள், எனக்கு விருப்பமில்லை' என்று எச்.ஆருக்கு மெயில் போட்டு, அதன் நகலை உங்கள் சொந்த மெயிலுக்கும் அனுப்பிவிடுங்கள்.