ஒருமுறை வந்துபோன டெங்கு: கேள்வி பதில்

கேள்வி: டெங்கு வைரஸ் உடம்பில் முதலில் எங்கே தொற்றுகிறது, சார்?

பதில்: கொசு கடித்த இடத்துத் தோலில் காவலுக்கு இருக்கும் டென்ட்ரிடிக் செல்களில். கிருமியைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது அவற்றின் வேலை. டெங்கு அந்தச் செல்லுக்குள்ளேயே பெருகி, அதோடு கணுவுக்குப் போய்விடுகிறது. அப்புறம் கிருமியை விழுங்கும் செல்களான மோனோசைட், மேக்ரோஃபேஜ் எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: வைரஸ் வந்தால் உடம்பு சுரக்கும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் அதை அடக்காதா?

பதில்: அடக்கப் பார்க்கும். ஆனால் வைரஸின் என்எஸ்5 புரதம், இன்டர்ஃபெரானின் சேதியை உட்கருவுக்கு எடுத்துப்போகும் ஸ்டாட்2 புரதத்தையே அழித்துவிடுகிறது. எலியின் ஸ்டாட்2-விடம் இந்த வேலை பலிப்பதில்லை. சாதாரண ஆய்வக எலிக்கு டெங்கு சரியாகத் தொற்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: என் மகளுக்கு ஏற்கெனவே டெங்கு வந்துவிட்டது. இனி வந்தாலும் லேசாகத்தானே இருக்கும்?

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள், அம்மா. டெங்குவில் நான்கு வகை. வந்த வகை திரும்ப வருவது அரிது. ஆபத்து வேறு வகையில். முதல் தொற்றில் உருவான பழைய ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) புது வகையில் ஒட்டும், ஆனால் செயலிழக்க வைக்காது. ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் மோனோசைட்டில் உண்டு. மோனோசைட் கிருமியை விழுங்குவதாக நினைத்து வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. தொற்றும் செல்கள் கூடும், வைரஸும் கூடும்.

கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது. பெரும்பாலும் லேசான காய்ச்சல். 1981-இல் இரண்டாம் வகை வந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் முற்றியது, 158 பேர் இறந்தார்கள். தாயிடமிருந்து ஆன்டிபாடி வாங்கிப் பிறந்த குழந்தைக்கு, அது குறைந்துவரும் மாதங்களில் முதல் தொற்றே கடுமையாகலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இரண்டாம் முறை வருபவர்களிலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸ் தடுப்பூசி விவகாரமும் இதுதானா?

பதில்: அதேதான் என்று கருதப்படுகிறது. அங்கே 2016-இல் தொடங்கிய டெங்வாக்ஸியா என்ற டெங்கு தடுப்பூசித் திட்டம் 2017 இறுதியில் நிறுத்தப்பட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்றுபோல அமைந்தது; பிறகு நிஜமாக டெங்கு வந்தபோது அது இரண்டாம் தொற்றுபோலக் கடுமையாகும் ஆபத்து கூடியது. ஊசி போடும் முன்பே எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பிளேட்லெட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. தொற்றிய செல்கள் கொட்டும் சைட்டோகைன் என்ற சேதிப் புரதங்களும் வைரஸின் என்எஸ்1 புரதமும் ரத்தக்குழாய்ச் சுவரைக் கசிய வைப்பது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான். ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்று கேளுங்கள். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.